ஆரஞ்சுத் தோலுக்கு இரண்டு மதிப்பெண்

ஆரஞ்சுத் தோல் எதன் குறியீடு என்று கேள்வி வந்தால், தியாகத்தின் குறியீடு என்று எழுத வேண்டும். எழுதினால் இரண்டு மதிப்பெண். அன்பின் குறியீடு என்று எழுதினால் ஒன்றுதான், ஏனென்றால் அன்பு எந்தக் கவிதைக்கும் பொருந்துகிற பதில், புத்தகத்தைத் திறக்காத பிள்ளைகூட எழுதிவிடும். ஆரஞ்சுத் தோல் என்றால் ஆரஞ்சுப் பழத்தின் தோல் என்று எழுதினால் சுழி. உண்மையைச் சொன்னதற்குச் சுழி வாங்குவது எப்படி என்று பள்ளிக்கூடத்தில்தானே பழகிக்கொள்ள வேண்டும்.

இந்த விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு டீச்சர் பல வருடங்களாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். மேல் வகுப்புகளுக்கு மொழிப்பாடம் எடுப்பவள். பாடநூலில் செய்யுள் பகுதியின் கடைசியில், தேர்வுக்கு முந்தின வாரம் மூச்சு வாங்க நடத்தப்படுகிற இடத்தில், அந்தக் கவிதை இருந்தது.

விடுமுறையின் முதல் மாலையில்
ஒரு சூரியனை உரித்தாய் தாத்தா.
சுளைகள் அத்தனையும் எனக்கு.
தோலை மட்டும் நீ வைத்துக்கொண்டாய்.
உன் விரல்களை முகர்ந்தேன்.
இன்றும் முகர்கிறேன்.
எந்தக் கடைத்தெருவில் எவர் உரித்தாலும்
அந்தப் பழத்துக்குள்ளிருந்து
நீ என்னை உரிக்கிறாய்.

கைடு போடுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆரஞ்சின் நிறம் மறைகிற சூரியன், ஆகவே முதுமை. உள்ளே இருக்கிற வெள்ளை நார் நரைத்த முடி. சுளைகள் கூட்டுக் குடும்பம், கொட்டைகள் வருங்காலத் தலைமுறை. கவிதையில் கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பது கைடு எழுதியவரை எந்த விதத்திலும் தடுக்கவில்லை. தாத்தா இதையெல்லாம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். சிரித்தால் இருமல் வந்திருக்கும். இருமினால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஏனென்றால் கவிதையில் வருகிற தாத்தா டீச்சரின் தாத்தா. எழுதியவள் சித்தப்பா மகள். சின்ன வயதில் வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள் என்பதால் குடும்பத்தில் அவளுக்குப் பொம்மை என்று பெயர். உலகத்துக்குக் கவிஞர். பெரிய பரிசு ஒன்று வாங்கியவள். எங்கே பேசப் போனாலும் பூங்கொத்துக்குப் பதில் ஆரஞ்சுக் கூடை கொடுத்து அனுப்புகிறார்கள் என்று கேள்வி.

இந்த உறவை டீச்சர் பள்ளியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எப்படியோ கணக்கு டீச்சருக்குத் தெரிந்து, கணக்கு டீச்சருக்குத் தெரிந்ததால் எல்லாருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து ஸ்டாஃப் ரூமில் ஒருவர் ஆரஞ்சு உரித்தால் போதும், எல்லாத் தலையும் இவள் பக்கம் திரும்பும்.

"தாத்தா ஞாபகம் வருதா டீச்சர்?"

"வருது வருது. ஒரு சுளை குடுங்க."

வரவில்லை. அதுதான் டீச்சரின் பிரச்சினை, யாரிடமும் சொல்லமுடியாத பிரச்சினை. ஆரஞ்சு வாசனை வந்தால் முதலில் கவிதையின் முதல் வரி வந்தது. அடுத்து விடைக்குறிப்பு வந்தது. வகுப்பின் பின்வரிசை கொட்டாவி விடுகிற சத்தம்கூட வந்தது. தாத்தா மட்டும் வரவில்லை. தாத்தாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் இவள். இரண்டு விடுமுறைக்கு வந்துபோனவள் அவள். வந்துபோனவள் ஒன்பது வரி எழுதினாள், வளர்ந்தவளின் மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். காலி செய்யச் சொல்ல எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

இத்தனைக்கும் அந்த ஆரஞ்சின் உண்மைக் கதை உலகத்திலேயே டீச்சர் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தாத்தா பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் சளி கட்டியபோது டாக்டர் சிகரெட்டைக் கையால் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். தாத்தா தலையை ஆட்டினார். வீட்டில் எல்லார் முன்னாலும் பெட்டியைக் குப்பையில் போட்டார். அந்தக் காட்சியில் அப்பாவுக்குக் கண்கூடக் கலங்கியது. அடுத்த நாள் மாலையிலிருந்து கொல்லையில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதிய கால அட்டவணை அமலுக்கு வந்தது.

தொட்டிக்குப் பின்னால் ஈரச் சுவர், பாசி, ஒரு உடைந்த மரப்பெட்டி. பெட்டிமேல் சின்னவளாக டீச்சர், மடியில் ஒரு ஆரஞ்சு. அவளுடைய வேலை, சமையலறைக் கதவில் ஆள் தெரிந்தால் இருமுவது. ஆனால் பெரும்பாலும் இரும வேண்டிய அவசியமே வராது. அம்மா கொல்லைக்கு வருவதற்கு முன்னாலேயே வாளி உருளுகிற சத்தம் வந்துவிடும். "உங்கம்மாவுக்கு வாளியை உருட்டாம நடக்கவே தெரியாது" என்று தாத்தா சிரிப்பார். "நமக்கு நல்லதுதான்."

சிகரெட் முடிந்ததும் ஆரஞ்சு. தோலை உரித்து விரல் இடுக்கு, உள்ளங்கை, மீசை என்று ஒரு இடம் விடாமல் தேய்த்துக்கொள்வார். ஒரு துண்டை வாயில் போட்டு மென்று துப்புவார். அவருக்கு வேண்டியது தோல். பழம் எவர் வாயிலாவது போய்த் தொலைய வேண்டும். அந்த வாய் டீச்சரின் வாய். தியாகத்தின் சுளைகளைத் தினம் தின்று நாக்கே புளித்துப்போனது அவளுக்கு. விடுமுறைக்குப் பொம்மை வந்த அன்று, பின்வாசற்படியில் அவள் வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்ததால், தாத்தா அவசரத்தில் சுளைகளை அவள் கையில் திணித்துவிட்டுத் தோலோடு நகர்ந்தார். பொம்மை அவர் விரலை முகர்ந்தாள். அந்தக் காட்சியை டீச்சர் தொட்டி ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாடா, இன்றைக்குத் தின்ன வேறு ஆள் கிடைத்தது என்றுதான் அப்போது தோன்றியது. இலக்கியம் பிறக்கிறது என்று தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு, அது கவிதையில் இல்லை. எல்லாம் முடிந்தபின் தாத்தா இன்னொரு தீக்குச்சி கிழிப்பார். தோலின் ஒரு துண்டைச் சுடர் பக்கம் பிடித்து மடக்கி நசுக்குவார். தோலிலிருந்து தெறிக்கிற எண்ணெய் நெருப்பில் பட்டுச் சட்சட்டென்று பொறியாகும். நீலமும் பொன்னுமாக, கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். "இந்தா, உன் சம்பளம்" என்பார். அப்போது ஒரு மணம் வரும். புகையிலை, கருகிய ஆரஞ்சு, ஈரச் சிமெண்ட், எல்லாம் சேர்ந்து ஒன்று. டீச்சர் தேடிக்கொண்டிருந்தது அந்த மணத்தை. அந்த இடத்தில் இப்போது பரிசு பெற்ற சுத்தமான ஆரஞ்சு வாசனை இருந்தது.

இந்த நிலையில்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு அனுப்பினார். குறியீடு என்றால் அவருக்கு உயிர். காலை வணக்கத்தில் மின்சாரம் போனால்கூட அதில் ஒரு குறியீடு கண்டுபிடிப்பார்.

"இலக்கிய மன்றம் தொடங்கி வைக்கக் கவிஞர் ஒத்துக்கிட்டாங்க. நீங்கதான் அறிமுகம் பண்ணணும். அக்காவே தங்கையை அறிமுகம் பண்றது, அதுவே ஒரு குறியீடு, இல்லையா?"

"எதோட குறியீடு மேடம்?"

"அதை நீங்கதான் பேச்சுல சொல்லணும்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

டீச்சர் சொல்வதாகத்தான் இருந்தாள். ஆனால் என்ன சொல்வது என்பதை முடிவுசெய்தது ஒரு மாணவி. எதற்கெடுத்தாலும் கை தூக்குவாள் என்பதால் வகுப்பு அவளுக்குச் சந்தேகம் என்று பெயர் வைத்திருந்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"தெரியும். கேளு."

"பிரியமா இருந்தா பழத்தைக் குடுத்துட்டுத் தோலைக் குப்பையில போடலாமே. எதுக்கு வெச்சுக்கிட்டார்? யாராவது தோலைத் தனக்குன்னு வெச்சுப்பாங்களா?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியைக் கைடு எழுதியவர் கேட்கவில்லை, பாடநூல் குழு கேட்கவில்லை, எழுதியவளே கேட்கவில்லை.

"அவருக்கு அந்தத் தோல் எதுக்கோ தேவைப்பட்டிருக்கு டீச்சர். அப்படி எழுதலாமா?"

"எழுதலாம்."

"மார்க் வருமா?"

"வராது" என்றாள் டீச்சர். திரும்பிப் பலகையில் தியாகம் என்று எழுதினாள். சுண்ணக்கட்டி பாதியில் உடைந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிப் பொய்ச்சத்தியம் செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சம் குறுக்கு விசாரணையாவது உண்டு.

அன்று மாலையே அறிமுக உரையை எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. தாத்தாவுக்குத் தோல் எதற்குத் தேவைப்பட்டது, சுளைகளை உண்மையில் தினமும் தின்றது யார், காவலுக்கு இருந்தது யார், எல்லாவற்றையும் மேடையில், ஒலிபெருக்கியில், கவிஞரை வைத்துக்கொண்டே சொல்லிவிடுவது. பாராட்டுவது போலவே சொல்லலாம், அது டீச்சருக்குக் கைவந்த கலை. பொம்மையின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தபோது வயிற்றில் ஒரு குளிர்ச்சி. பிறகு, குளிர்ச்சி கொஞ்சம் அதிகமோ என்று ஒரு நெருடல். நெருடலைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு உரையை மடித்துக் கைப்பையில் போட்டாள். அதைச் சொல்லிவிட்டால் தாத்தா திரும்பி வந்துவிடுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பெரிய பெரிய காரியங்களை மனிதர்கள் இதைவிட அற்ப நம்பிக்கைகளின் பேரில் செய்திருக்கிறார்கள்.

விழாவன்று மதியச் சாப்பாட்டுக்குப் பொம்மை வீட்டுக்கு வந்தாள். அதே வீடு, அதே தொட்டி. இப்போது அங்கே இருந்தது டீச்சரும் அம்மாவும் மட்டும்தான். பொம்மை அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கையில் ஒரு பெரிய பை.

"என்ன இது?" என்றாள் அம்மா.

"ஆரஞ்சு, பெரியம்மா."

"நீ கொண்டுவராட்டி யாரு கொண்டுவருவா."

"நேத்து ஒரு காலேஜ்ல குடுத்தது. அதுக்கு முந்தின நாள் லைப்ரரியில குடுத்தது இன்னும் வீட்டுல அழுகிட்டு இருக்கு. எனக்கு ஆரஞ்சு ஆகவே ஆகாது பெரியம்மா, தின்னா நெஞ்சு எரியும். வெளில சொல்ல முடியுமா?"

டீச்சருக்கு இதைக் கேட்டதும் ஒரு நொடி தங்கச்சிமேல் பாசம் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் பொம்மை, "அக்கா, இன்னிக்கு நீ பேசுறப்போ தாத்தாவைப் பத்தி ஏதாவது சொல்லேன்" என்றாள். "எல்லா ஊர்லயும் கேக்குறாங்க, தாத்தாவைப் பத்தி இன்னும் சொல்லுங்கன்னு. என்கிட்ட என்ன இருக்கு? ரெண்டு லீவு. ஒரு ஆரஞ்சு. அவரு குரல்கூட எனக்கு ஞாபகம் இல்ல. அதை வெச்சே ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

கைப்பைக்குள் உரை இருந்தது. மேடை வரைக்கும் காத்திருந்திருக்கலாம். ஆனால் அந்த 'ஒரு ஆரஞ்சு' டீச்சரை எங்கேயோ சுருக்கென்று குத்தியது.

"அந்த ஆரஞ்சும் உனக்குன்னு உரிச்சது இல்ல."

"என்ன அக்கா?"

"தாத்தா தொட்டிக்குப் பின்னால சிகரெட் பிடிப்பாரு. கையில வாசனை போகணும்னு தோலைத் தேச்சுப்பாரு. அவருக்குத் தோல்தான் வேணும். பழம் யாரு வாயில விழுந்தாலும் சரி. தினம் என் வாயில விழும், அன்னிக்கு உன் வாயில விழுந்துச்சு. இதுக்குத்தான் பிள்ளைங்க ரெண்டு மார்க்குக்குத் தியாகம் தியாகம்னு எழுதிட்டு இருக்காங்க."

பொம்மை தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தாள், அதை அழித்தாள். டீச்சர் எதிர்பார்த்த முகம்தான். எதிர்பார்த்த சந்தோஷம்தான் வரவில்லை.

"இவ்வளவு வருஷம் யாருக்குமே தெரியாதா இது?" என்றாள் பொம்மை கடைசியில்.

"எனக்கு மட்டும்தான்."

அம்மா மிச்சத்தை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "இவளுக்கு மட்டும்தானாம்" என்றாள்.

"என்னம்மா?"

"எனக்கு மூக்கு இல்லையா? வீட்டுத் துணி அத்தனையும் துவைச்சது யாரு? அவர் சட்டையில வந்தது ஆரஞ்சு வாசனைன்னா நினைச்ச? சிகரெட்டும் ஆரஞ்சும் சேர்ந்து ஒரு வாசனை வரும் பாரு, தெருமுனையில வர்றப்பவே தெரியும்."

"தெரிஞ்சு ஏம்மா கேக்கல?"

"கேட்டா?" அம்மா இப்போதுதான் திரும்பினாள். "கேட்டா என்ன ஆகும்? ஆமாம்பாரு. அப்புறம் ஹால்ல உக்காந்து பிடிப்பாரு. எங்கிட்ட மாட்டிக்கக் கூடாதுன்னு ஒரு பயம் இருந்துச்சு, அதனால ஒண்ணோட நின்னுச்சு. பயத்தைப் போக்கிட்டு நான் பொட்டி பொட்டியாவா எண்ணுறது? உங்கப்பாகிட்டயும் நான் மூச்சு விடல. அவரு ரெண்டு நாள் அழுவாரு."

"அப்போ ஆரஞ்சு?" என்றாள் பொம்மை.

"நான்தான் வாங்கி வைப்பேன். கண்ணுல படுற மாதிரி. பாவம், மொதல்ல வெறும் சோப்பு போட்டுத் தேய்ச்சு தேய்ச்சுக் கையெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு. வயசான மனுஷன், ஒளிச்சு வைக்கக்கூட வழி தெரியாம கஷ்டப்படுறாரேன்னு இருந்துச்சு."

டீச்சர் விடவில்லை. விட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? "நான் காவலுக்கு இருந்தேனேம்மா. நீ வந்தா நான் இருமுவேன்ல?"

"உன்னை அங்க உக்கார வெச்சதே நான்தான். பாசியில வழுக்கி விழுந்து வெச்சார்னா? தாத்தா என்ன பண்றாருன்னு போய்ப் பாருன்னு உன்னை அனுப்பினேன். நீ போனவ அவரு கட்சியில சேர்ந்துட்ட. சரி, பக்கத்துல ஒரு ஆள் இருந்தா போதும்னு விட்டுட்டேன். நீ இருமுறது தெரு வரைக்கும் கேக்கும். அப்புறம் அந்த வாளி. வாளியை ஏன் உருட்டுவேன்னு நினைச்ச? எனக்குக் கை ஆடுதுன்னா?"

பொம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சருக்கு வரவில்லை. இத்தனை வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ரகசியம், சமையலறையில் தினசரி நிர்வாகமாக நடந்த விஷயம். காவல்காரி என்று நினைத்திருந்தாள், கடைசியில் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் வேலை பார்த்த ஒற்றர், அதுவும் தனக்கே தெரியாமல். போதாக்குறைக்குத் தோல் அன்பின் குறியீடுதான் என்று ஆகிவிட்டது. என்ன, அன்பு தாத்தாவுடையது இல்லை, கவிதையில் தலையே காட்டாத மருமகளுடையது. ஒரு மதிப்பெண் பதில். எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பதிலுக்கு உதட்டைச் சுழித்திருப்பாள்.

"அப்போ எல்லாம் உனக்குத் தெரியும்" என்றாள் டீச்சர். குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி, சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது. "தீக்குச்சியும் தெரியும்."

"தீக்குச்சி இல்லாம எப்படிப் பத்த வைக்கிறது?"

"அது இல்லம்மா. கடைசியில இன்னொரு குச்சி கிழிச்சு, தோலை நசுக்குவாரே. பொறி பறக்குமே."

அம்மா கையிலிருந்த கரண்டி நின்றது.

"என்ன பறக்கும்?"

"பொறி. என் மூஞ்சிக்கிட்ட பிடிப்பாரு. ஒரு தடவை முன்முடி லேசாக் கருகிருச்சு. எறும்புப் பொடி பட்டுடுச்சுன்னு உன்கிட்ட சொல்லிட்டோம்."

"சின்னப் பிள்ளை மூஞ்சிக்கிட்ட நெருப்பா?" அம்மாவின் முகம் சிவந்தது. "பாவாடை துணியெல்லாம் எப்படிப் பிடிக்கும், அதுவும் அந்த நைலான். அந்த மனுஷனுக்குப் புத்தி இருந்துச்சா? நான் பாட்டுக்கு நம்பி அனுப்பிட்டு உள்ள அடுப்பைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். இதுக்குத்தான் ஆரஞ்சு வாங்கி வெச்சேனா நான்? மாமான்னு மரியாதை குடுத்தது தப்பாப் போச்சு."

செத்து வருடக் கணக்கான ஒரு மனிதரை அம்மா அரைமணி நேரம் நிற்கவைத்துப் பொரிந்து தள்ளினாள். டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. அம்மாவுக்குத் தெரியாது. பாடநூலுக்குத் தெரியாது. பொம்மைக்கு இப்போதுதான் தெரியும், அதுவும் இவள் சொல்லி. அந்தப் பொறி மட்டும் இவள் சம்பளம், வேறு எவர் கணக்கிலும் வரவில்லை. கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து அடுக்குகிற சாக்கில், கைப்பையிலிருந்த உரையை எடுத்து அடுப்படி அலமாரியில் தட்டுக்கு அடியில் விரித்துவிட்டாள். எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்ல தாள்.

விழாவில் அவள் அறிமுகம் சுருக்கமாக முடிந்தது. "இவர் என் தங்கை. சின்ன வயதில் வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்ததால் கிடைத்த கவிதை இது. நானும் அங்கேதான் இருந்தேன், ஆனால் எனக்கு வேறு வேலை இருந்தது." ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. முதல் வரிசையில் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் தாத்தாவின் மேல் கோபமாக உட்கார்ந்திருந்தாள்.

கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கைதான் எழுந்தது. யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.

"தோலை ஏன் அவரே வெச்சுக்கிட்டார்?"

பொம்மை மைக்கைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தாள். அக்கா கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். பொம்மைக்கு வழக்கமாக இதற்கு ஒரு அழகான பதில் உண்டு, பல ஊர்களில் சொன்ன பதில். அதைச் சொல்ல வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

"இதை எழுதினப்போ எனக்குத் தெரியாது" என்றாள். "நீ கேட்டது சரியான கேள்வி. நான் கேட்டிருக்கணும். அவருக்கு அந்தத் தோல் தேவையா இருந்துச்சு. எதுக்குன்னு எங்க பெரியம்மாவுக்குத் தெரியும்."

அரங்கமே அம்மாவின் பக்கம் திரும்பியது. யாரோ ஓடிப்போய் மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்கள். அம்மா அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். குடும்ப விஷயத்தை ஊர் முன்னால் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. பொய் சொல்கிற பழக்கமும் இல்லை.

"ஆரஞ்சுத் தோல் நல்லது" என்றாள். "காய வெச்சு அலமாரியில போட்டா பூச்சி வராது."

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து நின்று கை தட்டினார். அரங்கம் முழுக்கத் தட்டியது. "எவ்வளவு ஆழம் பாருங்க" என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது. "அலமாரின்னா மனசு. பூச்சின்னா மறதி." பின்வரிசையில் ஒரு பையன் அவசரமாகக் குறித்துக்கொண்டான். அடுத்த வருடக் கைடில் பூச்சிக்கும் இரண்டு மதிப்பெண் நிச்சயம். சந்தேகம் மட்டும் கை தட்டாமல் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினாள். எழுது, போடுகிறேன்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கூடவே இன்னொரு கூடை ஆரஞ்சும். அம்மா உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்து மேல்தட்டில் வைத்தாள். தலை நரைக்கத் தொடங்கிய மகளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கால் கழுவப் போனாள்.

மேல்தட்டு டீச்சருக்கு எட்டவில்லை. பொம்மைக்கு எட்டியது.

"நிஜமாவே பறக்குமா அக்கா?"

"நீ கதவுகிட்ட நில்லு. அம்மா வந்தா இருமு."

தொட்டிக்குப் பின்னால் பாசி அப்படியே இருந்தது. பெட்டி எப்போதோ மக்கிப்போயிருந்தது. டீச்சர் சுவரில் சாய்ந்து நின்று பழத்தை உரித்தாள், கதவுப் பக்கம் போகக் கிளம்பிய தங்கச்சி கையில் சுளைகளை அப்படியே திணித்தாள்.

"எனக்கு நெஞ்சு எரியும்."

"தியாகம் பண்ணு."

முதல் குச்சி ஈரத்தில் பொசுங்கியது. இரண்டாவது பற்றிக்கொண்டது. தோலை மடக்கிச் சுடர் பக்கம் நசுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுபோய், இன்னும் அழுத்தி நசுக்கினாள். சட்டென்று ஒரு பொறி, அடுத்து இரண்டு மூன்று. கதவோரம் பொம்மை 'ஐயோ' என்று மூச்சை இழுத்தது கேட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். கருகல் இருந்தது, சிமெண்ட் இருந்தது. புகையிலை இல்லை. முழுசாக வரவில்லை, அது வராதுதான். ஆனால் கவிதையின் முதல் வரியும் வரவில்லை. தாத்தாவின் நகம் வந்தது, கட்டைவிரலில் பிளந்துபோன அந்த நகம், அதில் ஒட்டியிருந்த வெள்ளை நார்.

இன்னொரு குச்சியை எடுத்தாள். அப்போது பொம்மை இருமினாள். பழக்கமில்லாத இருமல், நாடகத்தில் வருவது போல நீளமாக இருமினாள். தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

டீச்சர் தீப்பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தோலை எடுத்து விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டாள்.

கதவு திறக்கவில்லை. சமையலறைக்குள் வாளி உருண்டது. இப்போதெல்லாம் பிளாஸ்டிக் வாளி, பழைய தகர வாளியின் சத்தம் வராது. அதனால் அம்மா அதை இரண்டு தடவை உருட்டினாள்.